சீட்டு கேட்கும் மாத்திரை

இந்தியாவில் மருந்தாளுநர் மருந்தை எடுத்துக் கொடுக்கலாம்; எழுதிக் கொடுக்க முடியாது. சீட்டில் இருக்கும் மருந்துக்குப் பதில் வேறொன்றைத் தாமாக மாற்றித் தரக்கூட விதி அவரை விடுவதில்லை.

2014 மார்ச் 1 முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணை இந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. தொடக்கத்தில் அதில் 46 மருந்துகள். செஃபிக்ஸிம், மெரோபெனெம், அல்பிரசோலம் அவற்றில் சில. லேபிளில் சிவப்பு ஆர்எக்ஸ், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை. எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து, அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சென்னை மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடையில் ‘நாலு மாத்திரை போதும்’ என்றதும் கத்தரிக்கோல் அட்டையை வெட்டுகிறது. எச்சரிக்கைக் கட்டம் கடையிலேயே தங்கிவிடலாம்.

ஆன்டிபயாட்டிக்குக்கு ஏன் இத்தனை கெடுபிடி? கண்டபடி விழுங்கினால் மருந்தை வெல்லும் பாக்டீரியாவே மிஞ்சிப் பரவும். மெரோபெனெம் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான ஒரு வளையம் உண்டு. விறைத்து நிற்கும் எலிப்பொறி அது. பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதி தொட்டதும் வளையம் திறந்து நொதியைக் கவ்விக்கொள்ளும். சுவர் வேலை நிற்கும். என்டிஎம்-1 என்ற நொதி வைத்திருக்கும் பாக்டீரியா, இரண்டு துத்தநாக அயனிகளின் துணையோடு ஒரு நீர் மூலக்கூறை ஏவி வளையத்தை முன்னதாகவே வெட்டிவிடும். அதாவது, எலி தூரத்திலிருந்தே குச்சியால் பொறியைத் தட்டிவிடுகிறது. தட்டுவதோடு நிற்காமல், குச்சி செய்யும் முறையை ஜெராக்ஸ் எடுத்து வேற்றின எலிக்கும் தருகிறது. அந்த ஜெராக்ஸ்தான் பிளாஸ்மிட்.

2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வு, என்டிஎம்-1 வைத்திருக்கும் பாக்டீரியா மாதிரிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26 என்று எண்ணியது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம் என்ற பெயரில் ‘என்டி’ குறிப்பதென்னவோ புது டெல்லியை.

மருந்தாளுநருக்கே திரும்புவோம். பிரிட்டனில் தனிப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் தாங்களே மருந்து எழுதுகிறார்கள். அதைக் காட்டி இங்கும் அதே உரிமை கேட்பவர்கள், அந்தப் பயிற்சியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இங்கே எழுதும் உரிமை சட்டத்தில்தான் இல்லை. சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கைமாறும் கடையில் மருந்து ‘எழுதுவது’ பெரும்பாலும் வாடிக்கையாளர்தான்.