க⁸ ÷ க²: நான்கா, ஆறா?

படிவம் 3 கணிதத்தில் முதல் பாடமே ‘இண்டெக்ஸ்’. தமிழில் அடுக்கு. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கணக்குப் போட்ட பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியில் சொற்கள் மாறிவிடுகின்றன. வீட்டில் கேட்டால் அப்பா அம்மாவுக்கும் அந்தச் சொல் புதிது. ஆனால், உள்ளே இருப்பது நாம் எல்லாரும் அறிந்த வகுத்தல்தான்.

க⁵ என்றால் ஐந்து ‘க’ ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன என்று பொருள். (புத்தகத்தில் ஆங்கில எழுத்து இருக்கும், நமக்கு ‘க’ போதும்.) இதில் க அடிமானம், மலாயில் ‘அசாஸ்’. மேலே சிறியதாக நிற்கும் 5தான் அடுக்கு.

க⁵ ÷ க² என்ற கணக்கைப் பின்னமாக எழுதுங்கள். மேலே ஐந்து க, கீழே இரண்டு க. கீழே உள்ள இரண்டும் மேலே உள்ள இரண்டோடு அடிபட்டுப் போகும். மீதி மூன்று. விடை க³. அதாவது, அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்கைக் கழிக்க வேண்டும். க⁵ ÷ ப² என்று அடிமானம் வேறுபட்டால் கழிக்க இடமில்லை. அப்படியே விட்டுவிட வேண்டும்.

க⁸ ÷ க² எவ்வளவு? வகுத்தல் குறியைப் பார்த்ததும் 8 ÷ 2 = 4 என்று கை தானாக எழுதிவிடும். நானும் படிவம் மூன்றில் இப்படி எழுதிச் சிவப்பு மை வாங்கியவள்தான். சந்தேகம் வந்தால் க-வுக்குப் பதில் 2 போட்டுப் பாருங்கள். 2⁸ என்பது 256, 2² என்பது 4. வகுத்தால் 64. அது 2⁶; 2⁴ என்பது 16 மட்டுமே. தேர்வு மண்டபத்திலும் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

முன்னால் எண் வந்தால் இன்னொரு குழப்பம். 12க⁷ப³ ÷ 4க²ப என்ற கணக்கில் 12-ஐயும் 4-ஐயும் வழக்கம்போல் வகுக்க வேண்டும். கழிப்பது அடுக்குகளை மட்டுமே. தனியாக நிற்கும் ப-வின் அடுக்கு 1. விடை 3க⁵ப². (2க)³ ÷ 2க என்று அடைப்புக்குறி இருந்தால் 2-க்கும் அடுக்கு உண்டு. 8க³ ÷ 2க = 4க².

க³ ÷ க³ என்றால்? கழித்தால் க⁰. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1. எனவே க⁰ = 1. க சுழியமாக மட்டும் இருக்கக் கூடாது, சுழியத்தால் வகுக்க முடியாதே. க² ÷ க⁵ என்றால் க⁻³. மேலே இருந்த இரண்டும் அடிபட்டு, கீழே மூன்று மிஞ்சுகின்றன. ஆகவே அது 1/க³. கழித்தல் குறி அடுக்கில் இருப்பதால் விடை எதிர்மறை எண்ணாகிவிடாது.

அடுத்த பாடமான பொது வடிவத்திலும் இதே கழித்தல் வரும். சூரியன் ஏறத்தாழ 1.5 × 10⁸ கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒளியின் வேகம் விநாடிக்கு 3 × 10⁵ கிலோமீட்டர். 1.5-ஐ 3-ஆல் வகுத்தால் 0.5; 8-இல் 5 போனால் 3. 0.5 × 10³, அதாவது 500 விநாடி. காலையில் நம் வாசலில் விழும் வெயில் 8 நிமிடம் 20 விநாடிக்கு முன் புறப்பட்டது.

இன்றிரவு பிள்ளையிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்: 18க⁶ப² ÷ 6க²ப⁵. மேலே 3க⁴, கீழே ப³ என்று வந்தால் சரி.