ஜவ்வாது மலை மலையாளிகளின் தோற்ற வழக்காறு: ஒரு மீள்வாசிப்பு

முன்னுரை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். மலைவாழ்நர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. இவர்களின் தாய்மொழி தமிழ். இவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியவர்களா, மலையின் தொல்குடிகளா என்னும் வினா நூற்றாண்டுக்கும் மேலாக நிலவுகிறது. இவ்வினாவிற்கு அடிப்படையான வாய்மொழி வழக்காறு கூறுவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்காறு

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் இவ்வழக்காறு இடம்பெற்றுள்ளது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டனர். சினந்த அவர்கள் ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர். மீட்கச் சென்ற வேளாளர் எழுவர், உடன் சென்ற நாய்கள் தனியே திரும்பினால் தங்களை இறந்தோராகக் கருதுமாறு மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தைக் கண்ட நாய்கள் வீடு திரும்பின. மனைவியர் ஈமச்சடங்கு செய்து முடித்தனர். வேடர்களை வென்று மீண்ட எழுவருக்கும் ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையில் குடியேறினர்.

வாசிப்பு

குடியேற்றக் கருத்தினர் இக்கதையின் தந்தைவழியை மட்டுமே சான்றாகக் கொள்கின்றனர். ஆனால் தாய்வழி வேடர் வழி என்பதையும் அதே கதை வெளிப்படையாகக் கூறுகிறது. மேலும், ஈமச்சடங்கு சமவெளியுடனான உறவு முறிந்ததைக் குறிக்கிறது. எனவே இது காஞ்சி உயர்குலப் பெருமையை மட்டும் பேசும் கதையன்று. தமிழ் பேசி உழவு செய்யும் மக்கள் சமவெளிச் சாதியமைப்புக்கு வெளியே வாழ்வதற்கு விளக்கம் தரும் கதையுமாகும்.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடமும் இத்தகைய இருமை உண்டு. அவர்களின் முதல்வனான ஒடுடுவா மெக்காவிலிருந்து வந்தவன் என்னும் மரபைச் சாமுவேல் ஜான்சனின் வரலாற்று நூல் (1921) பதிவு செய்கிறது. இஃபே நகர மரபோ அவன் வானிலிருந்து அங்கேயே இறங்கியதாகக் கூறுகிறது. அங்கும் இவை அரச மரபுகளின் உரிமையை நிலைநாட்டும் கதைகளாக ஆராயப்படுகின்றன.

தொல்லியல் நோக்கில், ஜவ்வாது மலையின் கற்திட்டைகளும் அடிவாரத்துச் செங்கம் பகுதியின் பல்லவர் கால நடுகற்களும் இந்நிலப்பகுதியில் மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்ததைக் காட்டுகின்றன. ஆயினும் அவற்றை எழுப்பியோரே மலையாளிகளின் நேரடி முன்னோர் என்பதற்கு இவை மட்டும் சான்றாகா.

சட்டநிலை

இவ்விவாதம் பழங்குடித் தகுதியையும் தொடுவதால் எச்சரிக்கை தேவை. லோகூர் குழு (1965) முன்வைத்த ஐந்து அளவுகோல்கள் தொன்மைக்கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பிறரோடு பழகத் தயங்குதல், பின்தங்கிய நிலை ஆகியன. இவற்றுள் மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்பது இல்லை. ஆகவே காஞ்சி வழக்காறு உண்மையே எனினும், அது பழங்குடித் தகுதிக்கு எதிரான சான்றாகாது.

முடிவுரை

காஞ்சி வழக்காற்றை இடப்பெயர்வின் நேரடி ஆவணமாகக் கொள்வதும் வெறும் புனைவெனத் தள்ளுவதும் ஒருதலைப்பட்சமானவை. மலைக்கும் சமவெளிக்கும் இடையே நிலவிய மண உறவு, பகை, விலக்கம் ஆகியவற்றை ஒரு சமூகம் நினைவிற்கொண்ட முறையாக அதனைக் கொள்வதே பொருந்தும்.