குளிசையை நிறுத்திய பின் மாதவிடாய்

1995 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட விவசாயக் குடும்பங்களிற் சில, கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாடகை அறைகளில் தங்கின. பின்னர் வன்னியிலிருந்தும் பலர் வந்தனர். இடம் மாறும்போது கிளினிக்கும் மாறுகிறது. கருத்தடைக் குளிசை இடையில் நின்றுவிடுகிறது. அடுத்த மாதவிடாய் தள்ளிப் போனால், "கருப்பை பழுதாகிவிட்டதோ" என்று பெண்கள் அஞ்சுகின்றனர். இது தேவையற்ற அச்சம் என்பதை விளக்கவே இதனை எழுதுகின்றோம்.

குளிசையிலுள்ள ஓமோன்கள் சூலகத்திலிருந்து முட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. வழக்கமான 28 குளிசை அட்டையில் 21 இல் மட்டுமே ஓமோன் உண்டு. மற்ற 7 ஐயும் எடுக்கும் நாட்களில் வரும் இரத்தப்போக்கு இயற்கையான மாதவிடாய் அன்று. ஓமோன் குறைவதால் வருவது. குளிசையை நிறுத்திய சில நாட்களில் வருவதும் அத்தகையதே.

அதன்பின் உடல் தன் சொந்த ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும். பலருக்கு 4 முதல் 6 வாரங்களில் மாதவிடாய் வரும். சிலருக்கு 3 மாதம் வரை செல்லும். முன்பிருந்த வயிற்று வலியும் அதிக போக்கும் திரும்பி வரலாம். போதிய உணவின்மை, மெலிவு, மனக்கவலை ஆகியனவும் மாதவிடாயைப் பிந்தச் செய்யும். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடம் வரையும் செல்லலாம்.

ஒன்றை மறவாதீர்கள். மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன்னரே முட்டை வெளிவருகிறது. ஆகவே முதல் மாதவிடாய் வருமுன்னரே கர்ப்பம் தரிக்கலாம். "இன்னும் வரவில்லை, பயமில்லை" என்றிருப்பது தவறு. பிள்ளை வேண்டாமெனில் நிறுத்திய நாளிலிருந்தே வேறு முறையைக் கைக்கொள்ளுங்கள். கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். மாதவிடாய் பிந்தினால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

கர்ப்பமின்றி 3 மாதம் வராவிட்டாலும், போக்கு 8 நாளுக்கு மேல் நீடித்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். கர்ப்பம் இருக்கக்கூடிய வேளையில் அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கொழும்பில் டி சொய்சா, காசல் வீதி மகளிர் வைத்தியசாலைகள் அரசாங்கத்தினுடையவை, சிகிச்சை இலவசம். சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். எந்தக் குளிசை, எத்தனை மாதம், எப்போது நிறுத்தியது என எழுதிக் கொண்டு செல்லுங்கள். பழைய கிளினிக் அட்டை தொலைந்திருந்தாலும் அது போதும்.