பசியும் சிலுவையும்

புனே நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கேட்காவ் என்னும் ஊர் உள்ளது. 1896-97 ஆண்டுகளில் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியபோது, பட்டினியால் நைந்த சிறுமியர் பலரைத் தேடிச் சென்று மீட்ட பண்டித இரமாபாய், அவர்களைக் கேட்காவில் குடியமர்த்தினார். அக்காலத்தில் புனேயில் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்ததால் அவர்களை அந்நகரில் தங்கவைக்க இயலவில்லை. அவர் கேட்காவில் நிறுவிய முக்தி இல்லத்தில் 1900 அளவில் ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்தனர்.

இரமாபாய்க்குப் பசி கேள்விச் செய்தியன்று. 1874-இல், ஊர் ஊராகப் புராணம் ஓதித் திரிந்த அவர்தம் குடும்பத்தைப் பஞ்சம் தாக்கியது. தந்தை, தாய், தமக்கை மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். பின்னாளில் கல்கத்தாவில் வடமொழிப் புலமைக்காகப் பட்டங்கள் பெற்ற அவர், 1883-இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றார். தன்னை மறுத்துத் தன் சிலுவையைச் சுமந்து வருக என்பது இயேசு தம் சீடரை அழைத்த அழைப்பு. இளமையில் இரமாபாய் பட்ட பசி அவர்மேல் வந்து விழுந்தது. கேட்காவில் அவர் சுமந்தது தாமே தேர்ந்துகொண்டது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதற்கு உடலியலே சான்று பகர்கிறது.

உணவு நின்றால், ஈரல் சேமித்து வைத்த மாவுப்பொருள் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் உடற்கொழுப்பு கரையும். ஈரல் அதிலிருந்து கீட்டோன்களை ஆக்கி மூளைக்கு ஊட்டும். தசைப் புரதமும் சிதையும். இதயமும் தசையாதலின் அதுவும் இளைக்கும். நாடி தளரும், உடல் வெப்பம் தாழும், கால்களில் நீர் கோக்கும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும்.

உள்ளம் என்னாகும்? 1944-45 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீசு நடத்திய ஆய்வு இதை அளந்து காட்டிற்று. போரில் படைக்கலம் ஏந்த மனச்சான்று இடந்தராதென மறுத்த 36 இளைஞர் அதற்கு உடன்பட்டனர். அவருள் பலர் குவேக்கர், மென்னோனைட், பிரதரன் ஆகிய அமைதித் திருச்சபையினர். போரால் பட்டினியுற்ற மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என அறியத் தம் உடலையே அவர்கள் ஈந்தனர். 24 கிழமைகள் அரைப்பட்டினி கிடந்து, உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். சிரிப்பு மறைந்தது, நட்பு கசந்தது, சமையல் நூல்களைப் பெருவிருப்புடன் படித்தனர், உண்ட தட்டை நக்கினர். உயர்ந்த நோக்கத்துடன் வந்தவர்களின் எண்ணமெல்லாம் சோற்றைச் சுற்றியே சுழன்றது. பசி எவரையும் தானாகத் தூய்மைப்படுத்துவதில்லை. ஆதலால், பசித்துக் கிடப்பவரிடம் இதுவே உன் சிலுவை, பொறுத்துக்கொள் என்பது அறமாகாது.

பசியாற்றுவதும் எளிதன்று. நெடும்பட்டினி கிடந்தவர்க்கு நிறைந்த இலையே நஞ்சாகலாம். மாவுச்சத்து திடீரென உட்புகுந்தால் இன்சுலின் பெருகி, குருதியிலுள்ள பாசுபேட்டு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். முன்னரே வற்றிய இருப்பு அடியோடு வீழும், இதயத் துடிப்பு நெறி தவறும், மூச்சு தடுமாறும். எனவே, கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த முறைப்படி, முதற்கண் 100 மில்லிலிட்டரில் 75 கிலோகலோரி மட்டுமே கொண்ட பால்கலவையைத் தருவர். இரண்டு மூன்று மணிக்கொரு முறை, நள்ளிரவிலும் எழுப்பி, சிறிது சிறிதாகப் புகட்டுவர். இரும்புச்சத்தைத் தொடக்கத்தில் சேர்ப்பதில்லை. பசியுணர்வு மீண்டபின்பே கலவையின் செறிவு 100 கிலோகலோரியாக உயரும். குழந்தை பிழைக்க வேண்டுமாயின், அருகே ஒருவர் உறக்கம் துறக்க வேண்டும்.

ஈகம் என்பது இங்கே அளக்கத்தக்க ஒன்றாகிறது. இழந்த உறக்கத்திற்கு ஈடாக ஓர் உயிர் மீள்கிறது. மின்னசோட்டா இளைஞர் இழந்த எடைக்கு ஈடாக, மெலிந்த உடலைத் தேற்ற வைட்டமின் மட்டும் போதாது, மிகுந்த கலோரி வேண்டும் என்னும் அறிவு உலகுக்குக் கிட்டிற்று. இரமாபாயும் விலை கொடுத்தார். மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்தபோது, 1893-இல் புனேயில் அவர் நடத்திய சாரதா சதன் என்னும் பெண்கள் இல்லத்திலிருந்து பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். ஆயினும் பணி நிற்கவில்லை. கேட்காவ் வந்த சிறுமியர்க்கு அவர் பொறுமையை மட்டும் போதிக்கவில்லை. கிணறும் வயலும் தறியும் அச்சகமும் அமைத்துத் தந்தார். தான் ஏற்ற துன்பத்தால் பிறர் துன்பம் குறைந்ததா என்று வினவுவதே சீடத்துவத்தின் உரைகல். அவ்வினாவுக்கு விடை இல்லாத இடத்தில் துன்பத்தைப் போற்றுவது வீண். துன்பத்தைத் துடைப்பதே கடன்.