பாய் விரிக்கக் காத்திருக்கும் மாயாபந்தர்

சின்னஞ்சிறு பாய்மரப் படகு, ஒரு கூடாரம், நான்கு நாள் விடுமுறை. வட அந்தமான் கடல் இதற்குத் தயார். கரைதான் இன்னும் தயாராகவில்லை.

மாயாபந்தர் துறையிலிருந்து பார்க்கும்போது கடல் கடலாகத் தெரிவதில்லை. ஸ்டூவர்ட் சவுண்ட் எனப்படும் அந்த நீர்ப்பரப்பைச் சுற்றித் தீவுகள் காவல் நிற்க, அலை அடங்கிய ஏரி ஒன்றின் கரைக்கு வந்துவிட்ட எண்ணமே புதியவர்களுக்கு ஏற்படுகிறது. சுமார் அரை மணி நேரப் படகுப் பயணத்தில் ஏவிஸ் தீவு. தென்னந்தோப்பு, வெண்மணல், பவளப்பாறை. குடியிருப்பவர் யாருமில்லை. சற்றுப் பெரிதான சவுண்ட் தீவும் எட்டும் தூரத்தில்தான். காலையில் பாய் விரித்து, பகலில் ஒரு தீவில் சமைத்துண்டு, மாலையில் இன்னொரு தீவில் இறங்க முடிகிற கடல் இந்தியாவில் அதிகம் இல்லை.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியே சுமார் 240 கி.மீ. தொலைவில், மத்திய அந்தமானின் வடமுனையில் இருக்கிறது மாயாபந்தர். 2006-ல் உருவான வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகர். கடைவீதியில் இந்தி, வங்காளத்தோடு தமிழும் சகஜம். பந்தர் என்றால் துறைமுகம். பதிற்றுப்பத்தைப் படித்தவர்களுக்குச் சேரரின் பந்தர் என்ற பட்டினம் நினைவுக்கு வரக்கூடும்.

சிறு பாய்மரப் படகில் தீவு தீவாகச் சென்று கூடாரமடிப்பது மேலை நாடுகளில் நடுத்தர வர்க்கத்தின் விடுமுறை. ஐந்து மீட்டருக்கு உட்பட்ட படகை டிரெய்லரில் ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துச் சென்று, விரும்பிய கரையில் இறக்குகிறார்கள். 1957-ல் இயன் ப்ராக்டர் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த வேஃபேரர் இவ்வகையில் புகழ்பெற்றது. நீளம் 4.82 மீட்டர். 1963-ல் ஃபிராங்க் டை என்பவர் ஒரு துணையோடு, மேல்தளம்கூட முழுதாக இல்லாத இந்தப் படகிலேயே ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தார். சாதாரணப் பயணிகளுக்கு அந்தச் சாகசம் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது படகின் வேறொரு குணம். அடியில் உள்ள நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் அளவு தண்ணீரே போதும். பெரிய படகுகள் நுழையாத அலையாத்திக் கழிகளுக்குள்ளும் நுழையலாம், மணலில் ஏற்றி நிறுத்தலாம்.

கடலை நம்பும் மரபு இங்கு புதிதல்ல. பெரிய அந்தமானியர்கள் பக்கமிதவை கட்டிய மரத்தோணிகளில் இந்தத் தீவுகளுக்கிடையே சென்றவர்கள். 1925-ல் பிரிட்டிஷார் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்காக அழைத்து வந்த கரேன் மக்கள், மாயாபந்தரை ஒட்டிய வெபி முதலிய கிராமங்களில் இன்றும் வாழ்கிறார்கள். நூறாண்டு கண்ட இந்தச் சமூகம் படகு கட்டுவதிலும், ஓட்டுவதிலும், மூழ்கி மீன் பிடிப்பதிலும் பெயர் பெற்றது. ‘டோங்கி’ என்று இங்கே அழைக்கப்படும் மரப்படகுதான் ஊரின் கடல்வழி வாகனம். 1969-ல் பினாகி சாட்டர்ஜியும் ஜார்ஜ் டியூக்கும் கல்கத்தாவிலிருந்து அந்தமானுக்குத் துடுப்புப் படகிலேயே வந்து சேர்ந்தார்கள்.

காற்றும் ஒத்துழைக்கிறது. டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று சீராக வீசுகிறது. ஏப்ரலில் கடல் ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கும். மே மூன்றாவது வாரத்தில், கேரளத்தை எட்டுவதற்கு முன்பே, தென்மேற்குப் பருவமழை அந்தமானுக்கு வந்துவிடும். அதன்பின் சிறு படகுகளுக்கு வேலையில்லை. அக்டோபர், நவம்பர் புயல் மாதங்கள்.

சிக்கல் எங்கே?

முதலில் படகை மாயாபந்தர் கொண்டுவருவதே பெரும்பாடு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து செல்லும் அந்தமான் டிரங்க் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிப் போகிறது. வாகனங்கள் காவலுடன் அணிவகுத்தே செல்ல வேண்டும். வழியில் நிறுத்துவதும் படமெடுப்பதும் குற்றம். இந்தச் சாலையின் பகுதிகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டது. போக்குவரத்து நிற்கவில்லை. நடுவழியில் டிரெய்லர் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்ற கேள்வி ஒன்றே, சொந்தப் படகைக் கொண்டுவரும் ஆசையைத் தணித்துவிடும்.

அடுத்தது தரை. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் அந்தமானின் தென்பகுதி தாழ்ந்தது, வடபகுதி உயர்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையில் சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல். நீருக்கடியில் இருந்த பவளத்திட்டுகள் வெளியே வந்து வெயிலில் மடிந்தன. பழைய வரைபடத்தில் ஆழம் என்று குறிக்கப்பட்ட இடம் இன்று படகின் அடியைக் கிழிக்கலாம். பௌர்ணமி, அமாவாசை ஓதங்களில் நீர்மட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. உள்ளூர் படகோட்டியின் நினைவே இங்கே நம்பத்தகுந்த வரைபடம்.

கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹேவ்லாக் தீவில் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. எனவே அலையாத்திக் கழியோரம் கூடாரம் அடிப்பதும், அந்தியில் நீரில் இறங்கிப் பாத்திரம் கழுவுவதும் கூடவே கூடாது.

மனிதனுக்கு முதலை ஆபத்து என்றால் ஆமைக்கு மனிதன். மாயாபந்தரிலிருந்து 13 கி.மீ. தொலைவிலுள்ள கர்மாடாங் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பாய்மரப் படகுக்கும் அதே பருவம்தான். மணலில் மூட்டும் நெருப்பும் டார்ச் வெளிச்சமும் கரையேறும் தாய் ஆமையைத் திருப்பி அனுப்பும், குஞ்சுகளைத் திசை தப்பச் செய்யும். ஏவிஸ் தீவில் இறங்கவே வனத்துறை அனுமதி வேண்டும் என்பது வீண் கெடுபிடி அல்ல.

மேற்கே இன்டர்வியூ தீவு இன்னொரு கதை. 1960-களின் தொடக்கத்தில் நொடித்துப்போன மரக் கம்பெனி ஒன்று கைவிட்ட யானைகளின் சந்ததி அங்கே காட்டு யானைகளாகத் திரிகிறது. 133 சதுர கி.மீ. சரணாலயம். அங்கிருந்து காற்றோடு தெற்கே சாய்ந்தால் ஜாரவாக்களின் கரை. 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின்படி அது வெளியாருக்கு மூடிய பகுதி. திசை தவறிவிட்டது என்ற சமாதானம் அங்கே எடுபடாது. வெளியாரின் சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட அவர்களுக்கு உயிர்க்கொல்லி ஆகலாம்.

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து போனவர்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதே முதற்காரணமாகப் பேசப்பட்டது. அந்தமானில் படகேறும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு மிதவை உடுப்பு. போகுமிடமும் திரும்பும் நேரமும் கரையில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. செல்போன் எட்டாத கடலில் சாட்டிலைட் போன் உதவும் என்று சிலர் எண்ணலாம். இந்தியாவில் முன் அனுமதியின்றி அதை வைத்திருந்தால் கைதாக நேரிடும். மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி இருக்கிறது. அதைச் சுற்றுலாப் படகுகளுக்கும் கட்டாயமாக்கலாம்.

ஆக, வெளியூர் படகை டிரெய்லரில் இழுத்து வருவதைவிட உள்ளூர் டோங்கிக்குப் பாய் கட்டுவதே விவேகம். கட்டத் தெரிந்தவர்கள் வெபியில் இருக்கிறார்கள். பாறையும் ஓதமும் அவர்களுக்கு மனப்பாடம். எண்ணிக்கை வரம்பு, கூடாரத்துக்கென ஒதுக்கிய ஓரிரண்டு கடற்கரைகள், ஆமைப் பருவத்தில் இரவு விளக்குக்குத் தடை, ஒவ்வொரு படகிலும் உள்ளூர் ஓட்டி: இவ்வளவு ஏற்பாடு இருந்தால் நூறாண்டுக்கு முன் காடு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காட்டையும் கடலையும் காத்துக்கொண்டே பிழைக்கலாம்.

ஏற்பாடு வருவதற்கு முன்பு கூட்டம் வந்துவிட்டால்? அப்போது முதலில் காணாமல் போவது ஆமைகளாக இருக்கும். அடுத்தது, பயணிகள் தேடி வந்த அந்த அமைதி.