பாதித் தளத்தில் அப்டேட் வேண்டாம்

என்னோடு வேலை செய்யும் ரோபோவுக்குக் கையும் கிடையாது, முகமும் கிடையாது. வீட்டுத் தரையைத் தானாகக் கூட்டும் வட்டக் கருவி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, வயிற்றில் ஒரு இங்க்ஜெட் பிரின்டரையும் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழையும் பொருத்தினால் ஏறக்குறைய அதுதான். புதிதாக வார்த்த கான்கிரீட் தளத்தில் இறக்கிவிட்டால் போதும். எந்தச் சுவர் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், கழிவுக் குழாய்க்கு எங்கே துளை போட வேண்டும் என்று கட்டட வரைபடத்தை முழு அளவில் தரைமேல் அச்சடித்துக்கொண்டே போகும். கோட்டின் பக்கத்திலேயே சுவரின் வகை, உயரம், கதவு எண் எல்லாவற்றையும் எழுதியும் வைத்துவிடும்.

கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம், கட்டடங்களின் உட்சுவர்களை எழுப்பும் ஒரு சப்-கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறேன். ரோபோவுக்கு வரைபடத்தைத் தயார்செய்து கொடுப்பதும், அது அச்சடிக்கும்போது தளத்தில் கூடவே நிற்பதும் என் பொறுப்பு. இந்தத் தொழில் பிறந்து அதிக காலம் ஆகவில்லை. ஹோட்டல் அறைகளுக்குப் பொருள் கொண்டுபோகும் ரோபோக்களைச் செய்த நிறுவனத்தில் இருந்த டெஸ்ஸா லாவ், 2018ல் இதே வட்டாரத்தில் டஸ்டி ரோபோடிக்ஸைத் தொடங்கினார். 2022ல் ஹெச்பியும் தன் சைட்பிரின்ட் ரோபோவை அறிவித்தது. அதற்கு முன்னால் இந்த வேலையை ஆட்கள்தான் செய்தார்கள், பெரும்பாலான சைட்டுகளில் இன்றும் ஆட்கள்தான் செய்கிறார்கள். ஒருவர் டேப்பைப் பிடிப்பார், இன்னொருவர் முட்டி போட்டுப் பென்சிலால் குறிப்பார், பிறகு இருவரும் நீலச் சாக் தூள் ஏறிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிடுவார்கள். பெரிய தளம் என்றால் நாள்கணக்கில் முட்டியிலேயே பிழைப்பு.

கோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் என்ன குடி முழுகிவிடும் என்று நம்மூரில் வீடு கட்டியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். நம் செங்கல் சுவருக்கு மேல் பூச்சு வருகிறது. அரை அங்குலப் பூச்சில் கொத்தனாரின் பாதிப் பிழைகள் மறைந்துவிடும். இங்கே உட்சுவர் என்பது மெல்லிய இரும்புச் சட்டமும் இருபுறமும் திருகிய ஜிப்சம் போர்டும்தான். மறைக்க ஒன்றும் இல்லை. போர்டின் அகலம் 48 அங்குலம், சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. கணக்கு பிசகினால் போர்டின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். கழிவறைகளில் இன்னும் இறுக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையில், கழிவுக்கோப்பையின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கா முழுவதற்குமான விதி. கலிபோர்னியா அதையும் சுருக்கி 17 முதல் 18 என்று வைத்திருக்கிறது. ஆக, குழாய்க்காரருக்கும் சுவர்க்காரருக்கும் சேர்த்து ஒரே ஒரு அங்குலம். அதாவது 25 மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோடு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்குள், அதாவது 1.6 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும் என்பதுதான் இந்த ரோபோக்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது. தான் எங்கே நிற்கிறோம் என்பது ரோபோவுக்குத் தானாகத் தெரியாது. தளத்தின் ஓரத்தில் முக்காலியில் ஒரு டோட்டல் ஸ்டேஷன் நிற்கும். நிலஅளவைக்காரர்கள் பயன்படுத்தும் அதே கருவிதான், ஆனால் தானாகத் திரும்பக்கூடியது. தரையில் ஏற்கனவே குறித்துவைத்த கன்ட்ரோல் பாயின்ட்டுகளைப் பார்த்து அது முதலில் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். பிறகு ரோபோவின் தலையில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குமிழை, பிரிசத்தை, கண் கொட்டாமல் தொடர்ந்து பார்த்து, கோணத்தையும் தூரத்தையும் ரேடியோ வழியாக ரோபோவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த எண் வந்து சேர்வதற்கும் மை தரையில் விழுவதற்கும் நடுவில் நடப்பதெல்லாம் மென்பொருள். பிரிசம் இருப்பது தலையில், மை விழுவது வயிற்றில். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும், ரோபோ எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கழிக்க வேண்டும். நேரமும் கணக்கில் வரும். ரோபோ நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். டோட்டல் ஸ்டேஷன் சொன்ன இடம் பத்து மில்லிநொடி பழசாக இருந்தால் அதற்குள் ரோபோ 5 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். நமக்கு அனுமதி 1.6. ஆகவே பழைய சேதியை வைத்து இப்போதைய இடத்தைக் கணிக்கும் சூத்திரம் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூத்திரத்தை எழுதியவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைத் திருத்தினால், என் தளத்தில் கோடு நகரும்.

போனில் வரும் அப்டேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். போனில் ஒரு பொத்தான் இடம் மாறினால் இரண்டு நாள் திட்டிவிட்டுப் பழகிக்கொள்வோம். இங்கே அப்டேட் என்றால், நேற்றுவரை வைத்திருந்த டேப்பை ராத்திரியில் யாரோ வாங்கிக்கொண்டு வேறொரு டேப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனதற்குச் சமம். புது டேப் பழையதைவிட நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பாதி அறையைப் பழைய டேப்பாலும் மீதியைப் புது டேப்பாலும் அளக்க எந்த மேஸ்திரியும் சம்மதிக்க மாட்டார்.

கெட்ட அப்டேட்டைப் பற்றிப் பேசும்போது பலரும் பெரிய விபத்துகளைத்தான் நினைக்கிறார்கள். எனக்குப் பெரிய பிழைகளைக் கண்டு பயம் இல்லை. உதாரணத்துக்கு, அமெரிக்காவில் வெகுகாலம் இரண்டு விதமான அடிகள் புழங்கின. 1959ல் ஒத்துக்கொண்ட சர்வதேச அடி, சரியாக 0.3048 மீட்டர். நிலஅளவைக்கென்று விட்டுவைத்த பழைய சர்வே அடி, 1200ஐ 3937ஆல் வகுத்தால் வரும் மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. 2022 முடிவோடு அரசாங்கம் சர்வே அடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, ஆனால் ஏற்கனவே போட்ட வரைபடங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கலிபோர்னியாவின் நிலஅளவைக் கட்டத்தில், எங்கள் பகுதியின் கிழக்குத் தூரம் ஏறத்தாழ 61 லட்சம் அடியில் வரும். எந்த அடி என்பதை மென்பொருள் மாற்றி எடுத்துக்கொண்டால், கட்டடமே 12 அடிக்கு மேல் நகர்ந்துவிடும். அதே எண்ணை 32 பிட் நினைவிடத்தில் போட்டால் அரை அடிக்குக் குறைந்த வித்தியாசம் பதியவே பதியாது. கோடுகள் படிக்கட்டு மாதிரி குதிக்கும். இதெல்லாம் அமர்க்களமான பிழைகள். சுவர் லிஃப்ட் குழிக்கு மேல் போய் நிற்கும், எல்லோரும் சிரிப்பார்கள், வேலை நிற்கும், பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும்.

பயமெல்லாம் சின்னப் பிழைகளிடம்தான். பிரிசத்துக்கு ‘மாறிலி’ என்று ஒன்று உண்டு. ஒளி கண்ணாடிக்குள் போய்த் திரும்புவதால் தூரத்தில் சேர்க்க வேண்டிய சிறு திருத்தம். எல்லாப் பக்கமிருந்தும் தெரியும் லைக்காவின் 360 பாகைப் பிரிசத்துக்கு அது 23.1 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் சாதாரண வட்டப் பிரிசத்துக்குப் பூஜ்யம். அப்டேட் முடிந்ததும் இந்த ஒரு அமைப்பு மட்டும் சத்தமில்லாமல் பூஜ்யத்துக்குத் திரும்பினால் என்ன ஆகும்? டோட்டல் ஸ்டேஷனிலிருந்து பார்க்கும் திசையில் எல்லாக் கோடும் 23 மில்லிமீட்டர் நகரும். சுவர்கள் கண்ணுக்கு நேராகவே தெரியும், எழுத்து அழகாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கழிவறைக்கு நமக்குக் கொடுத்திருந்த அந்த 25 மில்லிமீட்டரில் பாக்கி இரண்டுதான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வாங்கியது ஒரு ரோபோ என்று நினைத்துக்கொண்டிருப்போம், அப்டேட் வருவதோ நாலு திசையிலிருந்து. ரோபோவுக்குள் மோட்டாரையும் பிரின்டரையும் இயக்கும் மென்பொருள் ஒன்று. கையில் பிடித்திருக்கும் டேப்லெட்டில் ஓடும் செயலி இன்னொன்று. டோட்டல் ஸ்டேஷன் வேறு கம்பெனியின் சரக்கு, அதற்குத் தனிக் கணக்கு. வரைபடம் வரும் ரெவிட் மென்பொருளில் வருடம் ஒரு புதுப் பதிப்பு, புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. ஆர்க்கிடெக்ட் அலுவலகம் பதிப்பு மாறினால் நாங்களும் மாறியாக வேண்டும். இவற்றோடு, டேப்லெட் தன் சொந்த அப்டேட்டை நடுராத்திரியில் யாரையும் கேட்காமல் போட்டுக்கொள்ளும்.

செய்பவர்கள் கவனமில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட கருவிகளில் பொதுவாக மென்பொருளுக்கு இரண்டு அறைகள் வைத்திருப்பார்கள். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியதை எழுதுவார்கள். புதியது எழுந்து நிற்கவில்லை என்றால் கருவி தானாகப் பழைய அறைக்குத் திரும்பிவிடும். பாதியில் பேட்டரி தீர்ந்தாலும் ரோபோ செத்துப்போகாது. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்ப்பதும் நல்ல வழக்கம். அந்த வழக்கத்தை விட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும். கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரே ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் கணினிகளைச் சாய்த்தது.

ஆனால் இரண்டு அறை ஏற்பாடு பிடிப்பது எழுந்து நிற்காத மென்பொருளைத்தான். எழுந்து நின்று, ஓடி, கொஞ்சம் வேறுமாதிரி வேலை செய்வதை அது பிடிக்காது. எங்களுக்கு ஒருமுறை வந்த அப்டேட் உண்மையிலேயே முன்னேற்றம். முன்பெல்லாம் ரோபோ எல்லாக் கோடுகளையும் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுத்துக்கு வரும். புதியதில், பக்கத்தில் எது இருக்கிறதோ அதை முதலில் முடித்துவிடும், ஓட்டம் மிச்சம். செய்தவர்கள் பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் அது ஜனவரி மாதம், கண்ணாடி பொருத்தாத தளம், காலைக் குளிர். மை உலர்வதற்குள் ரோபோ திரும்பி வந்து தன் எழுத்தின் மேலேயே சக்கரத்தை ஏற்றியது. 3 எது, 8 எது என்று தெரியாமல் போய்விட்டது. வெளியீட்டுக் குறிப்பில் இதைப்பற்றி இருந்த ஒரே வரி: ‘செயல்திறன் மேம்பாடுகள்’. இப்படி எழுதுபவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. எது மாறியது என்று சொன்னால் எதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேம்பாடு என்று சொன்னால் பாராட்டுவதைத் தவிர நான் என்ன செய்வது?

எங்கள் ஃபோர்மன் இளவயதிலிருந்தே சாக் நூல் சுண்டி வளர்ந்த மனிதர். அவருடைய யோசனை எளிமையானது: ஓடுகிற எதையும் தொடாதே, அப்டேட்டே போடாதே. அவரோடு இதில் எனக்கு ஒத்துப்போகாது. பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால், ஒருநாள் டோட்டல் ஸ்டேஷன் புதுப்பிப்புக்குப் பிறகு இரண்டும் பேசிக்கொள்ளாது, கம்பெனியும் உதவிக்கு வராது. தவிர, தளத்தின் திறந்த விளிம்பையும் தரைத் துளைகளையும் கண்டு நிற்கும் சென்சார் போன்ற விஷயங்களில் வரும் திருத்தத்தை ஒத்திப்போட எனக்குத் துணிச்சல் இல்லை. ஒன்பதாவது மாடி விளிம்பிலிருந்து அந்தக் கருவி விழுந்தால், கீழே நிற்பது யாரோ ஒருவருடைய அப்பா.

ஆனால் சோதனையை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அப்டேட் முடிந்ததும், வேலைத் தளத்துக்குப் போகாமல், பார்க்கிங் தளத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்வோம். ஒரே கோட்டை, அதன் குறுக்கே வரும் சிறு கோடுகளோடு, ரோபோ போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை போட வேண்டும். நேரக் கணிப்பு சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும். பத்து மில்லிநொடி பிசகினால் குறுக்குக் கோடுகள் போகும் பக்கம் ஐந்து, வரும் பக்கம் ஐந்து என்று பத்து மில்லிமீட்டர் விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது, டோட்டல் ஸ்டேஷனை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்து அதே சதுரத்தை மறுபடி போடச் சொல்வது. பிரிச மாறிலி தவறி இருந்தால் ஒரே இடத்திலிருந்து பார்க்கும்வரை தெரியாது, எதிரும் புதிருமாகப் பார்த்தால் பிழை இரட்டிப்பாகி 46 மில்லிமீட்டர் இடைவெளியாக முன்னால் வந்து நிற்கும். கடைசியில் ஃபோர்மன் ஸ்டீல் டேப்பை எடுத்து 30, 40, 50 அடி முக்கோணம் போடுவார். நம்மூர்க் கொத்தனார் மூலை மட்டத்துக்குப் போடும் அதே 3-4-5தான், பத்து மடங்கு பெரிதாக. எல்லாம் முடிய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கான சம்பளத்தை மதிப்பீட்டில் சேர்க்க எங்கள் அலுவலகத்தோடு நான் போட்ட சண்டை தனிக்கதை.

இப்போதைக்கு ஏற்பாடு இது. ஒரு தளம் தொடங்கிவிட்டால் முடியும்வரை நாலு பக்கத்து அப்டேட்டும் நிறுத்தம், டேப்லெட்டின் நடுராத்திரி வேலைக்கும் பூட்டு. தளம் முடிந்து அடுத்த மாடிக்குக் கான்கிரீட் போடும் நாட்களில்தான் புதுப்பிப்பு. ஒவ்வொரு தளத்தின் வடகிழக்கு மூலையிலும் வரைபடத் தேதி, திருத்த எண் இவற்றோடு மென்பொருள் பதிப்பின் எண்ணையும் ரோபோவையே அச்சடிக்க வைக்கிறேன். இந்தக் கடைசி எண் எதற்கு என்று குழாய்க்காரர் கேட்டார். ஆறாவது மாடியில் ஒரு குழாய் இடிக்கிறது என்று அவர் சண்டைக்கு வரும் நாளில், ஐந்தாவது மாடியையும் போய்ப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றேன். மறுவாரமே அவர் ஆட்கள் தங்கள் குழாய்த் துளை வரைபடக் கோப்பின் பதிப்பு எண்ணையும் அதன் பக்கத்தில் போடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.