வெடிமருந்துக்கும் முதுமை உண்டா?

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு ரிவால்வரில் பயன்படுத்தும் பழக்கம் அமெரிக்காவில் பலரிடம் உண்டு. அவர்களிடையே அடிக்கடி எழும் ஐயம் இது: பாட்டனார் வைத்துவிட்டுப் போன மருந்து டப்பா ஒன்று கிடைக்கிறது, அதை இன்று பயன்படுத்தலாமா?

விடை கூறுமுன், எந்த மருந்து என்று நாம் கேட்டாக வேண்டும். வெடிமருந்தில் இரு வகைகள் உண்டு. இரண்டும் ஒரே விதமாக முதுமை அடைவதில்லை.

முதலாவது கரிமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரித்தூள் 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது. இது வெறும் கலவை, சேர்மம் அன்று. மூன்று பொருள்களும் அருகருகே இருக்கின்றனவே தவிர, சாதாரண வெப்பநிலையில் ஒன்றோடொன்று வினைபுரிவதில்லை. ஈரமே இதன் பகை. ஈரம் புகாவிட்டால் நூறாண்டு கடந்தாலும் இதன் ஆற்றல் குன்றாது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீரங்கிக் குண்டு ஒன்று, 2008-ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் வெடித்து, அதைச் செயலிழக்கச் செய்ய முயன்றவரின் உயிரைப் பறித்தது.

இரண்டாவது புகையிலா மருந்து. 1884-இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியேல் இதை உருவாக்கினார். இதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் நனைத்துப் பெறுவது. இங்கே எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பு உறுதியானதன்று. டப்பாவில் சும்மா இருக்கும்போதே சில பிணைப்புகள் அறுந்துகொண்டே இருக்கும். அப்போது வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்துடன் கூடி அமிலமாகின்றன. அந்த அமிலம் மேலும் பல பிணைப்புகளை அறுக்கிறது. தான் ஈன்ற பொருளே தன் அழிவை விரைவுபடுத்தும் இதனைத் தன்வினையூக்கம் என்பர்.

இவ்வினையில் வெப்பமும் பிறக்கிறது. சிறிய டப்பாவில் அது எளிதில் வெளியேறிவிடும். பெருங்குவியலின் நடுவிலோ வெப்பம் தேங்கி, மருந்து தானே தீப்பற்றக்கூடும். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907-இல் 'இயெனா', 1911-இல் 'லிபர்ட்டே' ஆகிய போர்க்கப்பல்கள் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பழுதடைந்த மருந்தே காரணம் எனக் கருதப்பட்டது.

இதைத் தடுப்பது எப்படி? மருந்துடன் டைபீனைலமீன் போன்ற நிலைப்படுத்தியைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அது உடனுக்குடன் பற்றிக்கொள்கிறது. நீலகிரியில் அருவங்காடு ஆலைக்குப் பெயர் தந்த கார்டைட் மருந்தில் வாசலின் சேர்த்தார்கள். துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தைக் குறைப்பதே நோக்கம். அதுவே நல்ல நிலைப்படுத்தியாகவும் அமைந்தது பின்னரே தெரியவந்தது!

ஆனால் நிலைப்படுத்தி சிதைவை நிறுத்துவதில்லை. அதன் விளைவை மட்டுமே விழுங்குகிறது. விழுங்க விழுங்கத் தானும் தீர்ந்துபோகிறது. தீர்ந்தபின் சிதைவு கட்டுக்கடங்காது. வெப்பநிலை உயர உயர இது விரைவில் நேரும். ஆகவே குளிர்ந்த அறையில் 50 ஆண்டு இருந்த மருந்து நன்றாக இருக்கலாம். தகரக் கூரையின் கீழ் சில ஆண்டுகளே இருந்த மருந்து கெட்டிருக்கலாம். டப்பாவின் மேலுள்ள ஆண்டு மட்டும் போதிய சான்றாகாது.

கெட்ட மருந்தின் அடையாளங்கள் யாவை? மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமில நெடி, செம்பழுப்புப் புகை, துருப்போன்ற தூள், டப்பாவின் உட்புறத்தில் அரிப்பு. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அம்மருந்து பயனற்றது. அடையாளம் தென்படாததால் மட்டும் மருந்து நல்லது என்று முடிவு செய்துவிடவும் முடியாது. எஞ்சியுள்ள நிலைப்படுத்தியின் அளவை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வல்லது.

மருந்து கெட்டால் குண்டு மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று எண்ணலாம். அப்படியன்று. வலுவிழந்த மருந்தால் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அதையறியாமல் அடுத்த முறை சுட்டால் குழல் பிளக்கும். மாறாக, மருந்துமணிகள் நொறுங்கியிருந்தால் எரியும் பரப்பு மிகுந்து, அழுத்தம் அளவுக்கு மீறி உயரும். இரண்டிலும் ஆபத்து சுடுபவரின் கைக்கே. ஒரு டப்பா மருந்தின் விலை, ஒரு விரலின் விலைக்கு ஈடாகாது அல்லவா?